பூமிக்கடியில் கேஸ் பைப்லைன்... 'இவ்வளவு அழுத்தம் தாங்கும்' என்பதற்கு என்ன ஆதாரம்?

2010 செப்டம்பர் 9, வியாழக்கிழமை. மாலை 6.11 மணி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சான் புரூனோ நகரம். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அமைதியான குடியிருப்புப் பகுதி. திடீரென்று காதைப் பிளக்கும் சத்தம். வீடுகளுக்கு மேலே உயர்ந்து நின்ற நெருப்பு. 'ஏதோ விமானம்தான் விழுந்துடுச்சு' என்றே பலரும் முதலில் நினைத்தார்கள்.

ஆனால் வெடித்தது, தெருவுக்கு அடியில் 54 வருடங்களாகக் கிடந்த ஓர் இயற்கை எரிவாயு பைப்லைன். 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. மேலும் 70 வீடுகள் சேதமடைந்தன. 28 அடி நீளமும் சுமார் 1,360 கிலோ எடையும் உள்ள எஃகுக் குழாய்த் துண்டு ஒன்று பிய்த்துக்கொண்டு 100 அடி தள்ளிப் போய் விழுந்தது. தெருவில் 72 அடி நீளத்துக்குப் பள்ளம். கேஸ் வருவதை முழுசாக நிறுத்தவே 95 நிமிடங்கள் ஆனது.

இதில் அதிரவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. வெடித்த நேரத்தில் அந்தக் குழாயில் இருந்த அழுத்தம் 386 பிஎஸ்ஐ. அந்தக் குழாய்க்கு அனுமதிக்கப்பட்டிருந்த உச்சவரம்பு 400 பிஎஸ்ஐ. அதாவது, லிமிட்டைத் தாண்டவே இல்லை!

அப்புறம் எப்படி வெடித்தது? அந்த '400' என்ற நம்பர் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அதுதான் பதில்.

அந்த நம்பர் என்ன நம்பர்?

ஒவ்வொரு கேஸ் பைப்லைனுக்கும் ஓர் 'அதிகபட்ச அனுமதி அழுத்தம்' உண்டு. துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக 'எம்ஏஓபி' என்பார்கள். 'இதற்கு மேல் அழுத்தம் போகக் கூடாது' என்ற எல்லைக்கோடு அது.

400 பிஎஸ்ஐ என்றால் எவ்வளவு? உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 32 பிஎஸ்ஐ. அதைப்போல 12 மடங்குக்கும் மேல். இந்தியாவில் வீட்டு அடுப்புக்கு பைப் வழியாக வரும் கேஸின் அழுத்தம் வெறும் 21 மில்லிபார்தான். அதாவது ஏறக்குறைய 0.3 பிஎஸ்ஐ. அதோடு ஒப்பிட்டால் 1,300 மடங்கு. ஊருக்கு ஊர் கேஸ் கொண்டுபோகும் பெரிய குழாய்களுக்கும் நம் அடுப்புக்கும் உள்ள வித்தியாசம் அது.

அமெரிக்க மத்திய அரசு விதிப்படி இந்த எல்லைக்கோட்டை முடிவு செய்ய நான்கு கேள்விகள் உண்டு. ஒன்று, குழாயின் வடிவமைப்பு எவ்வளவு தாங்கும்? இரண்டு, சோதனை செய்தபோது எவ்வளவு தாங்கியது? மூன்று, குறிப்பிட்ட ஒரு காலகட்டத்தில் அதிகபட்சமாக எவ்வளவு அழுத்தத்தில் ஓடியிருக்கிறது? நான்கு, துரு, பழைய கசிவு என்று அதன் வரலாறு என்ன சொல்கிறது? இந்த நான்கில் எந்த எண் குறைவோ, அதுதான் எல்லை.

முதல் கேள்விக்கான கணக்கு எளிது. எஃகின் பலம், குழாய்ச் சுவரின் தடிமன், குழாயின் விட்டம். இந்த மூன்றும் தெரிந்தால் போதும். சான் புரூனோ குழாயைப் பற்றி நிறுவனத்தின் கணினியில் இருந்த தகவல்: விட்டம் 30 அங்குலம், சுவர் 0.375 அங்குலம், எஃகின் பலம் 42,000 பிஎஸ்ஐ. இதைக் கணக்கில் போட்டால் எஃகு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அழுத்தம் 1,050 பிஎஸ்ஐ என்று வரும். மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி என்பதால் அதில் பாதிதான் அனுமதி. அதாவது 525. அப்படியிருக்க, 400 என்பது தாராளமாகத் தாங்கும் அளவுதானே?

கணக்கு சரி. ஆனால் கணக்கில் போட்ட குழாய் வேறு, மண்ணுக்குள் கிடந்த குழாய் வேறு.

பேப்பரில் ஒரு குழாய், மண்ணுக்குள் வேறு குழாய்

இந்தக் குழாய் 'லைன் 132' என்ற பைப்லைனின் ஒரு பகுதி. அதை இயக்கியது பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற நிறுவனம். 1956-ல் அந்தப் பகுதியில் வீடுகள் வரத் தொடங்கியபோது, பைப்லைனின் சுமார் 1,850 அடி நீளத்தை மாற்றி அமைத்தார்கள். பின்னாளில் வெடித்தது அந்த இடம்தான்.

நிறுவனத்தின் பதிவில் அந்தப் பகுதி 'சீம்லெஸ்' குழாய் என்று இருந்தது. சீம்லெஸ் என்றால் நீளவாக்கில் வெல்டிங் இல்லாத, ஒரே உருளையாக வந்த குழாய். வெல்டிங் இல்லை என்றால் வெல்டிங்கில் பலவீனம் இருக்குமோ என்ற கவலையும் இல்லை.

விபத்துக்குப் பிறகு அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மண்ணைத் தோண்டிப் பார்த்தது. அங்கே இருந்தது நீளவாக்கில் வெல்டிங் செய்யப்பட்ட குழாய். அதிலும் ஒரு பகுதியில், சுமார் நாலடி நாலடியாக ஆறு சின்னத் துண்டுகளை ஒட்டவைத்து நீளத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள். சில துண்டுகளின் எஃகு, பதிவில் சொன்ன 42,000 பிஎஸ்ஐ பலத்தைக்கூட எட்டவில்லை. ஒரு துண்டில் வெல்டிங் வெளிப்பக்கம் மட்டும்தான் செய்யப்பட்டிருந்தது. உள்பக்கம் செய்யாமலே விட்டுவிட்டார்கள். அந்த அரைகுறை வெல்டிங்கில் தொடங்கிய விரிசல்தான் 54 வருடங்கள் கழித்து வாய் பிளந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1956 காலகட்டத்தில் 30 அங்குல விட்டத்தில் சீம்லெஸ் குழாய் அமெரிக்காவில் தயாரிக்கப்படவே இல்லை. 'இந்த அளவுல சீம்லெஸ் எப்படி வந்தது?' என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும். பழைய கணக்கு ஆவணத்தில் இருந்த தகவல் ஷீட்டுக்குப் போனது, ஷீட்டிலிருந்து கணினிக்குப் போனது. கணினியில் ஏறிய பிறகு அது 'டேட்டா' ஆகிவிட்டது. அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்?

'சிஸ்டத்துல அப்படித்தான் சார் இருக்கு' என்ற வாக்கியத்தை நாமும் எத்தனை அலுவலகங்களில் கேட்டிருக்கிறோம்!

ஒரு தப்பு, பின்னாலேயே பத்து தப்பு

தவறான பதிவு சும்மா ஒரு ஃபைலில் தூங்கிக்கொண்டு இருக்காது. அதை நம்பித்தான் அடுத்தடுத்த முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

எந்தக் குழாயில் என்ன ஆபத்து, அதை எந்த முறையில் பரிசோதிப்பது என்று நிறுவனங்கள் திட்டம் போட வேண்டும். 'வெல்டிங்கே இல்லாத குழாய்' என்று பதிவு சொன்னதால், வெல்டிங் பலவீனத்தைத் தேடும் சோதனை தேவையில்லை என்று முடிவானது. செய்யப்பட்டது வெளிப்புறத் துருவைத் தேடும் ஆய்வு மட்டுமே. அந்த ஆய்வை நூறு முறை செய்தாலும் உள்ளே இருந்த விரிசல் கண்ணில் பட்டிருக்காது. சர்க்கரை நோயாளிக்குக் கண் டெஸ்ட் மட்டும் எடுத்துவிட்டு 'எல்லாம் நார்மல்' என்று சொல்லி அனுப்பின கதைதான்.

இதில் இன்னொன்று. லைன் 132-ல் அழுத்தத்தை 2003-லும் 2008-லும் வேண்டுமென்றே 400 பிஎஸ்ஐ அளவுக்கு உயர்த்தினார்கள். கடந்த ஐந்து வருடங்களில் ஓடிய அழுத்தத்தைத் தாண்டினால் கூடுதல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. ஆகவே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உச்சத்தைத் தொட்டு வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எல்லைக்கோடு சரியானது என்ற நம்பிக்கையில் செய்த காரியம் அது. எல்லைக்கோடே தப்பு என்றால்?

'தாத்தா' விதி

சரி, குழாயைப் போட்டவுடன் சோதனை செய்திருக்க மாட்டார்களா?

பைப்லைன் துறையில் நம்பகமான சோதனை 'ஹைட்ரோ டெஸ்ட்'. குழாயில் தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, பல மணி நேரம் அப்படியே வைத்துப் பார்ப்பது. மக்கள் நெருக்கமான பகுதியில் இன்று 400 பிஎஸ்ஐ-யில் ஓட்ட ஒரு புதுக் குழாய் போட்டால், அமெரிக்க விதிப்படி அதை ஒன்றரை மடங்கு, அதாவது 600 பிஎஸ்ஐ-யில் சோதிக்க வேண்டும். அரைகுறை வெல்டிங் இருந்தால் அந்தச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது தண்ணீர் என்பதால் சேதமும் பெரிதாக இருக்காது.

சான் புரூனோவில் வெடித்த பகுதிக்கு 1956-ல் அப்படிச் சோதனை நடக்கவில்லை. கலிபோர்னியாவில் அதைக் கட்டாயமாக்கிய விதி வந்தது 1961-ல்தான். மத்திய அரசு விதி வந்தது 1970-ல். அப்போது பழைய குழாய்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். '1970 ஜூலை 1-க்கு முந்தைய ஐந்து வருடங்களில் அதிகபட்சமாக எந்த அழுத்தத்தில் ஓடியதோ, அதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம்' என்பதே அது. அமெரிக்காவில் இதை 'கிராண்ட்ஃபாதர் கிளாஸ்' என்பார்கள். நம் பாஷையில் தாத்தா விதி! 'இத்தனை நாளா ஓடுதே, இனிமேலும் ஓடும்' என்ற நம்பிக்கைக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்த விதி.

மூன்றே மூன்று வார்த்தைகள்

2011 ஜனவரி 3 அன்று பாதுகாப்பு வாரியம் அவசரப் பரிந்துரை ஒன்றை வெளியிட்டது. அதன் சாரம்: அழுத்த எல்லைக்கு ஆதாரமான ஆவணங்களைத் தேடி எடுங்கள், அவை மூலத்தைத் தொடக்கூடியவையாக, சரிபார்க்கக்கூடியவையாக, முழுமையானவையாக இருக்க வேண்டும். அதே மாதத்தில் மத்திய பைப்லைன் பாதுகாப்பு அமைப்பு நாட்டின் பைப்லைன் நிறுவனங்களுக்கெல்லாம் இதை நினைவூட்டியது.

இந்த மூன்று வார்த்தைகளும் நமக்கு ஒன்றும் புதிதல்ல. மனை வாங்கப் போனவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மூலத்தைத் தொடுவது: நிலம் வாங்கும்போது 'மூலப்பத்திரம் எங்கே?' என்று கேட்போம் இல்லையா, அதுதான் இது. குழாய்த் தொழிற்சாலை கொடுத்த சான்று, வாங்கிய ஆர்டர், குழாயைப் பதித்தபோது களத்தில் வரைந்த வரைபடம் என்று அசல் ஆவணம் வரை போக முடிய வேண்டும். அது இந்தக் குறிப்பிட்ட குழாயைப் பற்றியதுதான் என்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். எக்செல் ஷீட் மூலப்பத்திரம் ஆகாது.

சரிபார்ப்பது: பத்திரத்தில் உள்ளதும் பட்டாவில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். அதேபோல, தனியாக உருவான இன்னோர் ஆவணமும் அதையே சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, '600-ல் சோதனை செய்ய வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. அன்றைக்குக் களத்தில் பதிவான அழுத்த வரைபடமோ நாட்குறிப்போ கூடவே வேண்டும். செய்யச் சொன்னது வேறு, செய்தது வேறு.

முழுமை: கையெழுத்து, தேதி, முத்திரை. கையெழுத்தில்லாத பத்திரத்தை யாராவது ஏற்றுக்கொள்வார்களா? சோதனை முடிந்தது என்பதற்குப் பொறுப்பேற்று ஒருவர் முடித்து வைத்த அடையாளம் ஆவணத்தில் இருக்க வேண்டும்.

சான் புரூனோ குழாயை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். 'சீம்லெஸ்' என்ற பதிவு அசல் குழாய் வரை போகவில்லை. அதை உறுதிசெய்யும் இன்னோர் ஆவணம் இல்லை. சோதனைச் சான்று என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றிலும் ஃபெயில்.

அரங்கம் நிறைய பெட்டிகள்

உத்தரவு வந்தாச்சு. ஆனால் அரை நூற்றாண்டுப் பழைய பேப்பர்கள் எங்கே இருக்கின்றன?

பக்கத்து நகரமான டேலி சிட்டியில் 'கவ் பேலஸ்' என்று ஓர் அரங்கம் இருக்கிறது. விளையாட்டுப் போட்டிகளும் இசை நிகழ்ச்சிகளும் நடந்த இடம். பல ஊர் அலுவலகங்களில் இருந்த பெட்டிகளை நிறுவனம் அங்கே லாரிகளில் கொண்டுவந்து குவித்தது. ஊழியர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பேப்பராகப் பிரித்துத் தேடினார்கள். மக்கள் வீட்டு வாசலுக்கு அடியில் ஓடும் குழாய் பத்திரமானதா என்ற கேள்விக்கான விடையை, வெடித்த பிறகு அட்டைப் பெட்டிகளுக்குள் தேட வேண்டியிருந்தது.

தேடியும் எல்லாம் கிடைக்கவில்லை. இது ஒரு நிறுவனத்தின் பிரச்னை மட்டும் இல்லை என்பதும் தெரிந்தது. 2012 ஜனவரி 3 அன்று கையெழுத்தான புதிய சட்டம், மக்கள் நெருக்கமான பகுதிகளில் போகும் குழாய்களின் ஆவணங்களைச் சரிபார்க்கச் சொன்னது. ஆயிரக்கணக்கான மைல் நீளக் குழாய்களுக்குச் சரியான ஆவணம் இல்லை என்பது அதில் வெளிவந்தது.

பேப்பர் கிடைக்கலைன்னா என்ன பண்றது?

இதற்கான பதில் 2019 அக்டோபர் 1 அன்று வெளியான மத்திய விதியில் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த அந்த விதி, ஆவணம் இல்லாத குழாய்களுக்கும் தாத்தா விதியில் ஓடிக்கொண்டிருந்த பல குழாய்களுக்கும் ஆறு வழிகளைச் சொல்கிறது. முக்கியமானவை நான்கு.

புதிதாக அழுத்தச் சோதனை செய்யலாம். அழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். குழாயின் உள்ளே கருவி அனுப்பி, விரிசல்களை அளந்து, பொறியியல் முறைப்படி ஆய்வு செய்து எல்லையை முடிவு செய்யலாம். எதுவும் சரிவரவில்லையா? குழாயையே மாற்றிவிடலாம்.

இந்த வேலையில் பாதியை 2028 ஜூலை 3-க்குள்ளும், முழுவதையும் 2035 ஜூலை 2-க்குள்ளும் முடிக்க வேண்டும். கவனியுங்கள்: 2010-ல் வெடித்த குழாய் சொல்லிக்கொடுத்த பாடத்தை முழுதாக அமல்படுத்த 25 வருடங்கள்!

காரணம் இல்லாமல் இல்லை. சோதனை செய்ய குழாயை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அந்த ஊருக்கு கேஸ் வேறு வழியில் போக வேண்டும். மண்ணைத் தோண்ட வேண்டும், கோடிக்கணக்கில் செலவாகும். அந்தச் செலவு கடைசியில் கேஸ் பில்லில்தான் வந்து நிற்கும். 1956-ல் சில மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய ஒரு சோதனையும், பத்திரமாக வைத்திருக்க வேண்டிய ஒரு காகிதமும் இன்று எவ்வளவு விலை கேட்கின்றன, பாருங்கள்.

நிறுவனத்துக்கும் விலை இருந்தது. 2015 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 160 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2016 ஆகஸ்டில், பைப்லைன் பாதுகாப்புச் சட்டத்தை மீறிய ஐந்து குற்றங்களிலும், விசாரணைக்கு இடையூறு செய்த ஒரு குற்றத்திலும் நிறுவனம் குற்றவாளி என்று மத்திய நீதிமன்ற ஜூரி தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் விதிக்கப்பட்ட அபராதம் 30 லட்சம் டாலர். ஆவணங்களைச் சரியாகத் திரட்டாததும் பராமரிக்காததும் அந்த வழக்கின் மையத்திலேயே இருந்தன.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டிலும் இப்போது எண்ணூரிலிருந்து பெரிய கேஸ் பைப்லைன்கள் போகின்றன. நகரங்களில் வீட்டுக்கு வீடு பைப் கேஸ் இணைப்பு வந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் இதற்கான தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகளை வகுப்பது பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்.

பேப்பரும் குழாயும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் 18 அங்குல பைப்லைன் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரமில்லாத கேஸுக்காகப் போட்ட குழாயில் ஈரப்பதம் உள்ள கேஸ் ஓடியதும், அதனால் உள்ளே அரித்துப்போனதும் விசாரணையில் தெரிந்தது. அங்கே காரணம் வேறுதான். ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்றே: குழாயைப் பற்றி நாம் எழுதி வைத்திருப்பதும் உண்மையில் நடப்பதும் ஒன்றுதானா?

நம்மிடம் உள்ள ஒரு நல்ல விஷயம், பெரும்பாலான குழாய்கள் புதியவை. போட்டவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். சோதனை வரைபடங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 50 வருடம் கழித்து அரங்கத்தில் பெட்டிகளைக் குவித்துத் தேடாமல் இருக்க, ஒழுங்காக எடுத்து வைக்க வேண்டிய நேரம் இதுதான். இன்று ஒரு வெல்டிங் சூப்பர்வைசர் போடும் கையெழுத்து, 2075-ல் யாரோ ஒரு பொறியாளர் எடுக்கப்போகும் முடிவுக்கு ஆதாரம்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். ஏட்டில் மட்டும் இருக்கும் குழாயும் அப்படித்தான். இதைப் படிப்பவர்களில் பலர் பொறியியல், ஐடி, டேட்டா துறைகளில் இருப்பீர்கள். பழைய ஃபைலிலிருந்து புது சாஃப்ட்வேருக்கு டேட்டா மாற்றும் வேலை என்றைக்காவது உங்கள் மேஜைக்கு வரலாம். காலியாக இருக்கும் ஒரு கட்டத்தை 'ஏதாவது போட்டு நிரப்பிடலாமே' என்று கை துறுதுறுக்கும். நிரப்பாதீர்கள். 'ஆதாரம் இல்லை' என்றே எழுதிவிடுங்கள். காலியான கட்டத்தைப் பார்த்தால் அடுத்தவர் நின்று கேள்வி கேட்பார். சான் புரூனோவில் 'சீம்லெஸ்' என்று நிரப்பியிருந்த கட்டத்தைப் பார்த்து யாருமே கேட்கவில்லை.